அனந்துவின் தாடைக் கம்பி

சமைக்கத் தெரியாத ஒருவன் சமையல் குழுவுக்குத் தலைவனாக இருந்தான் என்றால் யாருக்கும் சிரிப்புதான் வரும். ராமபத்ரனுக்கே ஆரம்பத்தில் அது சிரிப்பாகத்தான் இருந்தது. நாற்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு குஜராத்தி சேட்டின் மிளகுக் கம்பெனியில் கணக்கும் கம்ப்யூட்டரும் அவன் பொறுப்பு. காலையில் ஹோட்டல் தோசை, மத்தியானம் மெஸ், ராத்திரிக்குத் தானே வைக்கிற கஞ்சி. அந்தக் கஞ்சியும் வாரத்தில் பாதி நாள் அடிப்பிடிக்கும்.

குழுவின் பெயர் 'சமையலுள்'. பாலக்காட்டிலிருந்தும் கொச்சியிலிருந்தும் கிளம்பிப் போய் மஸ்கட், முலுண்ட், நியூ ஜெர்ஸி என்று சிதறிக் கிடந்த தமிழ்க் குடும்பங்கள் மின்னஞ்சலில் கூடிக்கொள்கிற இடம். காலையில் எழுந்தால் இன்றைக்கு என்ன சமையல் என்று ஒரு வரி எழுத வேண்டும். சட்டம் அவ்வளவுதான். பாஷை தமிழ், எழுத்து இங்கிலீஷ். பாதிப் பேர் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவர்கள், தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னால் ஓடிவிடுவார்கள். குழுவை ஆரம்பித்தவன் அனந்து. வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை கிடைத்ததும் எனக்கு நேரமில்லை என்று ராமபத்ரன் தலையில் கட்டிவிட்டான்.

அனந்து ஆரம்பித்ததே தன் அம்மாவுக்காகத்தான். கமலாக்ஷி மன்னி என்றால் குழுவில் எல்லாருக்கும் ஒரு மரியாதை, ஒரு செல்லம். அவளுடைய காலஞ்சென்ற கணவர் ராமபத்ரனுக்கு அண்ணன் மாதிரி. அதனால் அவனுக்கு அவள் மன்னி. அவன் அப்படிக் கூப்பிடுவதைப் பார்த்துப் பார்த்து, பார்த்தே இராத நியூ ஜெர்ஸிக்காரர்களுக்கும் அவள் மன்னியாகிவிட்டாள். ரசம் பிசகினாலும் சரி, மாமியார் பிசகினாலும் சரி, மன்னியைக் கேட்டால் வழி சொல்லுவாள். அவள் எழுதுகிற பதிலின் அடியில் அனந்து ஒரு பின்குறிப்பு சேர்ப்பான். "அம்மா சொல்றதை நம்பாதீங்கோ. நேத்தி எங்காத்து சாம்பாரைக் காக்கா கூடத் தொடலை." அந்த ஒரு வரிக்காகவே குழுவில் பலர் காத்திருந்து படித்தார்கள்.

அந்த வருஷம் ஆடி அமாவாசைக்கு முதல் நாள் அனந்து அம்மாவை பைக்கின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு திருப்பூணித்துறைக் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினான். நல்ல மழை. பாலத்தை நெருங்கும்போது ஒரு கன்டெய்னர் லாரி அவர்களை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போயிற்று. அனந்து அந்த இடத்திலேயே போய்விட்டான். இருபத்தாறு வயது. மன்னிக்கு இடுப்பெலும்பும் தொடையெலும்பும் நொறுங்கி, தலையில் அடிபட்டு, நினைவில்லாமல் கிடந்தாள். மகனை எரித்ததும், பத்து நாள் காரியம் நடந்ததும் அவளுக்குத் தெரியாது. கொழுந்தன் பிச்சுமணிதான் எல்லாம் செய்தார்.

அவள் கண் விழித்தபோது பக்கத்தில் இருந்தது தம்பி வெங்கிட்டு. "அனந்து?" என்றாள். அதுதான் முதல் வார்த்தை.

வெங்கிட்டு அதுவரை வாழ்க்கையில் பெரிய பொய் ஒன்றும் சொல்லாதவன். முதல் பொய்யே எவ்வளவு கச்சிதமாக வந்து விழுந்தது பாருங்கள்! "அவனைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு மாத்தியிருக்கு அக்கா. தாடை ஒடஞ்சு கம்பி போட்டுக் கட்டியிருக்கா. வாய் தொறக்க முடியாது. மத்தபடி ஒண்ணும் பேடிக்கண்டாம், பயப்படாதே."

தாடையில் கம்பி என்றால் போனில் பேச முடியாது. கோயம்புத்தூர் என்றால் போய்ப் பார்க்க முடியாது. எல்லாப் பக்கமும் கதவைச் சாத்திவிட்டோம் என்று வெங்கிட்டு மூச்சு விட்டான். மன்னி கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடந்தாள். பிறகு சொன்னாள்: "பேசத்தானே முடியாது? கை இருக்கில்லையா? எழுதச் சொல்லு."

அன்று சாயங்காலமே வெங்கிட்டு மிளகுக் கம்பெனிக்கு வந்தான். சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் நின்று, சின்னக் குழந்தை போல் விசித்து விசித்து அழுதான். "இன்னும் ஒரு ஆபரேஷன் பாக்கியிருக்குடா ராமபத்ரா. இப்போ ஒரு அதிர்ச்சி வந்தா தாங்க மாட்டாங்கறார் டாக்டர். அவன் எழுதறது எப்படின்னு ஒனக்குத்தான் தெரியும். ரெண்டு வரி எழுதிக் குடு. அவ கொஞ்சம் எழுந்து உக்காரட்டும், நானே சொல்லிடறேன்."

ராமபத்ரன் இரண்டு நாள் அவகாசம் கேட்டிருக்கலாம். ஒரு ராத்திரி யோசித்திருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. வெங்கிட்டுவின் கண்ணீர் காய்வதற்குள் சரி என்று சொல்லிவிட்டான். உபகாரம் செய்கிற ஆசை வந்துவிட்டால் மனுஷனுக்குப் புத்தி வேலை செய்வதில்லை.

குழுவை என்ன செய்வது? அவர்களுக்கு எல்லாம் தெரியும். அனந்து போன செய்தியை அவர்களுக்கு எழுதியதே ராமபத்ரன்தான். எனவே மன்னி இல்லாத இன்னொரு குழுவைத் திறந்தான். அதில் எல்லாரையும் சேர்த்து, நிலைமையை எழுதி, மன்னி பார்க்கிற குழுவில் ஒருவரும் வாய் தவறி எதுவும் எழுதக் கூடாது, எந்த மடலும் என் கையைத் தாண்டித்தான் போகும் என்று சொன்னான். முலுண்டிலிருந்து லோகாம்பாள் மாமி உடனே பதில் போட்டாள். அறுபது தாண்டியவள், குழுவில் அவள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. "பெத்தவளுக்கு அழறதுக்கு ஆயுசு முழுக்க இருக்கு. எலும்பு கூடறதுக்குக் கொஞ்ச நாள்தான் இருக்கு. ராமபத்ரன் செய்யறதுதான் செரி."

நியூ ஜெர்ஸி அம்ருதா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாணமாகிப் போன புதிதில் அடுப்புப் பற்றவைப்பதிலிருந்து மன்னியிடம் கற்றுக்கொண்ட பெண். "மன்னி நம்மளைத்தான் நம்பறார். நாளைக்குத் தெரிஞ்சா, எது நெஜம் எது பொய்னு அவருக்கு எப்படித் தெரியும்?" என்று எழுதினாள். நீ குழந்தை, உனக்குத் தெரியாது என்று ஆளாளுக்கு அவள் வாயை அடைத்தார்கள். மறுநாளிலிருந்து அவளும் மற்றவர்களோடு சேர்ந்து எழுத ஆரம்பித்தாள்.

அவர்கள் நடித்தார்கள் என்று சொன்னால் பாவம் வரும். அன்பு உண்மையானதுதான். மன்னி கட்டிலில் கிடந்த அத்தனை நாளும் ஒரு காலை தவறாமல் உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் சமையல் வந்தது. மஸ்கட் விஸ்வநாத் முதல் தடவையாக அடைப்பிரதமன் பாயசம் செய்து, அது பசையாகிப் போன கதையை மன்னி சிரிப்பதற்கென்றே இரண்டு பக்கம் எழுதினான். லோகாம்பாள் மாமி ஆறு பேரைக் கூட்டி தினமும் சகஸ்ரநாமம் சொன்னாள். இரண்டாவது ஆபரேஷன் நடந்த அன்று குழுவில் பாதிப் பேர் சாப்பிடவில்லை.

மன்னியை ஆஸ்பத்திரியிலிருந்து பாலஸ் ரோட்டுக்குப் பின்னால் இருந்த வெங்கிட்டுவின் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பார்த்துக்கொள்ள ஷைலஜா என்ற நர்ஸைப் போட்டார்கள். அந்த வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ராமபத்ரன் கம்பெனியில் மடல்களை அச்செடுத்து, வேலை முடிந்ததும் சைக்கிளில் கொண்டுபோய் கட்டிலருகே உட்கார்ந்து படிப்பான். கடைசித் தாள் எப்போதும் அனந்துவுடையது.

அதை எழுதுவது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தான். இல்லை. அனந்துவின் நாலு வருஷப் பின்குறிப்புகளும் அவனுக்கு மனப்பாடம். "அம்மா, இங்கே குழாய் வழியா கஞ்சி. ஒன் சாம்பாரே தேவலைன்னு சொல்ற காலம் வந்துடுத்து பாரு." மன்னி சிரித்தாள். சிரித்தால் இடுப்பு வலிக்கும், வலியோடு சிரித்தாள். பிறகு பதில் சொல்லுவாள், ராமபத்ரன் குறித்துக்கொள்வான். "கம்பி எடுத்ததும் மொதல்ல எந்தா வேணும்னு கேளு. மெத்துனு ஒண்ணும் கேக்க மாட்டான். கடிக்கறதுக்கு வேணும்பான். முறுக்கு சுத்தணும். அதுக்குள்ள எனக்கு நிக்கணும்."

அந்தக் குறிப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, மறுநாள் காலையில் மகனாக உட்கார்ந்து பதில் எழுதுவான். கொஞ்ச நாளில் அந்த நேரத்துக்காக அவன் காத்திருக்கத் தொடங்கினான். முப்பது வருஷமாக அவனை யாரும் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. இப்போது தினமும் ஒருத்தி கேட்டாள். வேறு ஒருவனைத்தான் கேட்டாள், அவன் செத்தும் போயிருந்தான். ஆனாலும் அம்மா என்று எழுதும்போது ராமபத்ரனுக்குக் கை கூசவில்லை. கூசியிருக்க வேண்டும். கேவலம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு சாயங்காலம் வாசலில் சைக்கிளைப் பூட்டும்போது ஷைலஜா வெளியே வந்தாள்.

"சாரே, ஒரு காரியம் பறயட்டே? அம்மை வாக்கர் பிடிச்சு நிக்கறது மோனுக்கு வேண்டித்தான். கண்ணிலே வெள்ளம் வந்தாலும் நிக்கும். மோன் வரான்னு சொல்லித்தான் நிக்கறது. இல்லைன்னு அறிஞ்ஞா பின்னே அந்தக் கால் நிக்குமோ?"

"அறியறபோ நின்னு பழகியிருக்குமில்லையா ஷைலஜே? கால் பழகிட்டா பின்னே மறக்காது."

"காலைப் பத்தி சாருக்கு எந்தறியும்!" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ராமபத்ரனுக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் கேட்டது தலையைவிட்டுப் போகவில்லை. மன்னி நடக்க வேண்டும், நடந்த பிறகு தெரிய வேண்டும். இந்த ஒன்றுக்காகத்தான் எல்லாம். அது நடந்துவிட்டால் எழுதிய பொய்யெல்லாம் கழிந்துவிடும் என்று அவன் நம்பினான். நடுவில் தெரிந்துவிட்டால் கட்டிலிலேயே போய்விடுவாள் என்று பயந்தான். அந்தப் பயத்தில் ஒவ்வொரு மடலையும் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பொறுக்கினான். அனந்து இல்லாத கொச்சிக்கு வரவே மனசில்லை என்று விஸ்வநாத் ஒருமுறை எழுதிவிட்டான். அந்த வரியை எடுத்தான். ஒருத்தி குருவாயூரில் அனந்துவின் ஆத்மாவுக்கு நெய்விளக்கு போட்டதை எழுதினாள்; மடலையே நிறுத்தி அவளுக்குத் தனியாக ஒரு வசவும் விட்டான். ஒரு சொல்கூட நழுவவில்லை. அதில் அவனுக்குப் பெருமை வேறு.

வெங்கிட்டு சொல்வதாகச் சொன்னது தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. அக்கா உட்காரட்டும் என்றான். உட்கார்ந்தாள். நிற்கட்டும் என்றான். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நவராத்திரி கழியட்டும் என்றான். அதுவும் கழிந்தது. மன்னி கட்டிலிலிருந்து ஜன்னல் வரை நடந்தாள், அதற்கு மேல் முடியாமல் ஷைலஜாவின் தோளில் சாய்ந்தாள். "தீபாவளி கழிஞ்ச மறுநாள். சத்தியம். பிச்சுமணி அத்திம்பேரையும் வரச் சொல்லியிருக்கு, டாக்டரும் வரேன்னிருக்கார்" என்றான் வெங்கிட்டு. இந்தத் தடவை அவன் சொல்வது உண்மை என்று ராமபத்ரனுக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு பண்டிகை. அதைத் தாண்டிவிட்டால் போதும்.

அந்தப் பண்டிகையை அவர்கள் குறைவில்லாமல் ஏற்பாடு செய்தார்கள். மன்னிக்கு அரக்கு நிறத்தில் புதுப் புடவை. லேகியம், உக்காரை, மைசூர்பாகு. பக்கத்து வீட்டுக் குழந்தைகளைக் கூப்பிட்டு வாசலில் வெடிக்க ஒரு பை நிறையப் பட்டாசு. மன்னி அனந்துவுக்கும் ஒரு நீலச் சட்டை வாங்கச் சொன்னாள். வெங்கிட்டு வாங்கி வந்து காட்டினான். காலரைத் தடவிப் பார்த்து, நாற்பது போருமா, முதுகு அகலமாச்சே என்றாள். கோயம்புத்தூருக்குப் பார்சல் அனுப்புவதாகச் சொல்லி ராமபத்ரன் அதை எடுத்துக்கொண்டு போனான். அது கம்பெனி அலமாரியில் பில் புத்தகங்களுக்குப் பின்னால் கிடந்தது.

தீபாவளியன்று கம்பெனி விடுமுறை. சாவி அவனிடம்தான் இருந்தது. விடிந்ததும் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தான். இத்தனை மடல் அந்தக் குழுவுக்கு ஒரே காலையில் வந்ததில்லை. ஒவ்வொன்றாகக் கல் பொறுக்கினான். ஒரு கல்லும் இல்லை. அனந்துவின் மடலையும் எழுதினான், நன்றாக வந்தது. அச்செடுத்துக்கொண்டு வெங்கிட்டு வீட்டுக்குப் போனான்.

மன்னி கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வெங்கிட்டுவும் ஷைலஜாவும் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் முற்றத்தைத் தாண்டி இருந்த குளியலறையில் உட்கார வைத்து, வெங்கிட்டுவின் மனைவி பாகீரதி தலையில் எண்ணெய் வைத்து, குளிப்பாட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். ஈரத் தலையில் துண்டு. புதுப் புடவை. விபத்துக்குப் பிறகு அவள் முகம் இவ்வளவு தெளிவாக இருந்து அவன் பார்த்ததில்லை. வெங்கிட்டு ஒரு தட்டில் மைசூர்பாகு கொண்டுவந்து வைத்தான்.

"படி ராமபத்ரா" என்றாள்.

படித்தான். லோகாம்பாள் மாமி முதலில். "எல்லாரும் எழுந்தாச்சா? அம்ருதா, கங்கா ஸ்நானம் ஆச்சா?" தீபாவளிக் காலையில் பார்க்கிறவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிற கேள்வி. எண்ணெய் தேய்த்துக் குளித்தாயா என்று அர்த்தம். ஆனால் அதுதான் வாழ்த்து, அதற்கு மேல் வாழ்த்து கிடையாது. அம்ருதா, இங்கே இன்னும் முதல் நாள் ராத்திரிதான், ஆனாலும் உங்க கணக்குக்கு எனக்கு ஆச்சு மாமி, உங்களுக்கு ஆச்சா என்று எழுதியிருந்தாள். விஸ்வநாத், மஸ்கட்டில் வென்னீர் வராமல் பச்சைத் தண்ணீரில் கங்கா ஸ்நானம் ஆன கதையை எழுதி, மற்றவர்கள் பேரையெல்லாம் வரிசையாகச் சொல்லி ஆச்சா ஆச்சா என்று கேட்டிருந்தான். நடுநடுவே மன்னிக்கும் வார்த்தைகள் வந்தன. மன்னி கால் வலி எப்படி இருக்கு? மன்னி ரொம்ப நேரம் உக்காராதீங்கோ. மன்னி, உங்க உக்காரைக் கணக்கில் பண்ணினேன், பொலபொலன்னு வந்தது.

கடைசித் தாளை எடுத்தான். "அம்மா, நர்சுகள் லட்டு கொண்டுவந்தா. பாக்க மட்டும் செஞ்சேன். சட்டை வந்தது. தோள் கொஞ்சம் தொளதொளங்கறது, நான் எளச்சிருப்பேன். ஒன் லேகியத்துலேர்ந்து தப்பிச்ச மொதல் தீபாவளி இதுதான். சீக்கிரம் நட. அனந்து."

மன்னி சிரிக்கவில்லை. "இன்னொரு தரம் படி. எல்லாத்தையும்" என்றாள்.

முதலிலிருந்து படித்தான். வாசலில் பட்டாசு வெடித்தது. அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லோகா அம்ருதாவைக் கேட்டா. அம்ருதா அவளைக் கேட்டா. விச்சு எல்லாரையும் பேர் சொல்லிக் கேட்டான். என்னை ஒருத்தரும் கேக்கலை."

"விட்டுப் போயிருக்கும் மன்னி."

"அத்தனை பேருக்குமா?" அவள் குரல் உயரவில்லை. "பாகீரதி எண்ணை வெச்சா. அவளும் கேக்கலை. வெங்கிட்டு தூக்கிண்டு போனான், தூக்கிண்டு வந்தான். அவனும் கேக்கலை. ஒடம்பு முடியாதவளைக் கேக்கப்படாதோ என்னமோன்னு நெனச்சேன். செரி. அனந்து ஏன் கேக்கலை?"

ராமபத்ரன் கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்தான்.

"காலம்பற என்னை எழுப்பறதே அந்தக் கேள்வி கேட்டுத்தான். நான் குளிக்கறதுக்கு மின்னாடியே ஆச்சா ஆச்சாம்பான். இன்னிக்கு லட்டு எழுதியிருக்கான், சட்டை எழுதியிருக்கான். இதை எழுதலை."

சாவு நடந்த வீட்டுக்கு ஒரு வருஷம் பண்டிகை கிடையாது. அந்த வீட்டாரைப் பார்த்து யாரும் கங்கா ஸ்நானம் ஆச்சா என்று கேட்க மாட்டார்கள். இதை யாரும் யாருக்கும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததில்லை. எத்தனை பொய் எழுதினார்கள்! எத்தனை சாமர்த்தியமாக எழுதினார்கள்! ஆனால் மன்னி பெயரிடம் வந்ததும் முலுண்டிலும் மஸ்கட்டிலும் நியூ ஜெர்ஸியிலும் ஒவ்வொரு கையும் தானாக நின்றிருக்கிறது, நின்றது என்று அவரவருக்கே தெரியாமல். செத்தவன் பெயரில் அம்மா அம்மா என்று எழுதிய ராமபத்ரனின் கையும் அங்கே வந்து நின்றிருக்கிறது. இருக்கிற சொற்களில்தான் அவன் கல் பொறுக்கினான். இல்லாத சொல் அவன் கண்ணில் படவில்லை.

வெங்கிட்டு சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். சமையலறை வாசலில் பாகீரதி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் புரியாமல் ஷைலஜா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"ராமபத்ரா." மன்னி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். வாக்கரைப் பிடித்துப் பிடித்து அவள் கை காய்த்திருந்தது. "நீ கேளு. இப்போ கேளு. நீ கேட்டாப் போரும், நான் எல்லாம் நம்பறேன். அவன் கோயம்புத்தூர்ல இருக்கான்னு நம்பறேன். நாளைக்கே முற்றம் வரை நடக்கறேன். கேளு."

ஒரு கேள்விதான். மூன்றே வார்த்தை. கேட்டுவிட்டால் இன்னும் ஒரு நாள் கிடைக்கும். நாளைக்கு டாக்டர் வருவார், பிச்சுமணி வருவார், முறையாகச் சொல்லலாம். அவன் வாயைத் திறந்தான். கங்கா என்று தொடங்க முயன்றான். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தியின் முகத்தைப் பார்த்து அதைக் கேட்க அவனால் முடியவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது, கண்ணிலிருந்துதான் தண்ணீர் வந்தது.

மன்னி அவன் கையை விட்டுவிட்டாள்.

பிறகு அவள், "என்ன திதி?" என்று கேட்டாள்.

"சதுர்த்தசி" என்றான் ராமபத்ரன். "ஆடி அமாவாசைக்கு மொதல் நாள்."

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கே மன்னி."

"அப்போ மாசாமாசம் பண்ற மாசியம் மூணு ஆயிருக்கும். யாரு பண்ணறா?"

"பிச்சுமணி மாமா."

தலையை அசைத்தாள். ராமபத்ரன் அவள் காலடியில் உட்கார்ந்தான். அவளுக்குக் கொடுக்க அவனிடம் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது, அது உண்மையும்கூட. பாலத்தடியில் அனந்துவைத் தூக்கியவர்கள் சொன்னது, டாக்டர் சொன்னது. "மன்னி, அவன் கஷ்டப்படலை. ஒரு க்ஷணம்தான். வலியே தெரிஞ்சிருக்காது."

மன்னி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

"இதுவும் நீ எழுதறதுதானே?" என்றாள்.

"இல்லை மன்னி! சத்தியமா இது நெஜம். வெங்கிட்டுவைக் கேளுங்கோ."

அவள் வெங்கிட்டுவைக் கேட்கவில்லை. யாரையும் கேட்கவில்லை. அம்ருதா அன்றே எழுதிய கேள்வி அதுதான், குழந்தை என்று சொல்லி வாயை அடைத்தார்கள். மகன் வலியில்லாமல் போனான் என்ற ஒரே ஆறுதலையும் அவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். இனி யார் வந்து எத்தனை சத்தியம் செய்தாலும் அவள் அதை நம்பப் போவதில்லை.

"ஷைலஜே, எனக்குக் குளிக்கணும்."

"இப்போ குளிச்சதல்லே அம்மே? இனியும் குளிச்சா பனி பிடிச்சு காய்ச்சல் வரும்."

"அது வேற குளி. இது என் பிள்ளைக்கு. எண்ணை வேண்டாம், வென்னீர் வேண்டாம். பச்சத் தண்ணி தலைக்கு விட்டாப் போரும்."

வெங்கிட்டு எழுந்து நாற்காலியைத் தூக்க வந்தான். மன்னி கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். வாக்கரை இழுத்து முன்னால் வைத்து, இரண்டு கையையும் ஊன்றி எழுந்தாள். ஜன்னலுக்கு அப்பால் ஒரு நாளும் நடக்காதவள் கூடத்தைத் தாண்டினாள், முற்றத்துக் கல்லில் இறங்கினாள், யார் தோளையும் பிடிக்காமல் குளியலறை வரை நடந்து போனாள். புதுப் புடவையின் தலைப்பு ஈரத்தில் இழுபட்டுக்கொண்டு போனது. ஷைலஜா அழுதுகொண்டே பின்னால் ஓடினாள்.

கதவு சாத்திக்கொண்டது. முதல் சொம்புத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, உடனே மன்னியின் குரலும் கேட்டது. அனந்து, அனந்து என்று கூப்பிட்டாள். அடுத்த சொம்புக்கும் கூப்பிட்டாள். வாசலில் குழந்தைகள் பட்டாசை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்கள், வெங்கிட்டு போய் வாசல் கதவைச் சாத்தினான். ராமபத்ரன் தாள்களோடு கூடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தான். எழுந்து வீட்டுக்குப் போ என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.